‘இருபது சதவீதம்’ சரி, எதில் இருபது?

ஆடி மாதத்தில் தியாகராய நகர் கடை வாசலில் ‘50% + 20% தள்ளுபடி’ என்று பலகை தொங்கினால், உள்ளே நுழைகிறவர்களில் பலர் 70 சதவீதம் குறைவதாகவே நினைத்துக்கொள்கிறார்கள். குறைவது 60 சதவீதம்தான். பலகையில் பொய் ஒன்றும் இல்லை. இரண்டாவதாக வரும் 20 எதில் கழிகிறது என்பதை மட்டும் அது சொல்லவில்லை.

பின்னம், தசமம், சதவீதம் மூன்றும் பள்ளிக்கூடத்தில் தனித்தனிப் பாடமாக வந்ததால், மூன்றும் வேறு வேறு சரக்கு என்ற எண்ணம் மனதில் தங்கிவிடுகிறது. முக்கால், 0.75, 75% எல்லாம் ஒரே அளவுதான். எழுதும் விதம் மாறுகிறது, அவ்வளவே. தவறு நேரும் இடங்களும் பெரும்பாலும் இரண்டே. புள்ளி இடம் மாறிப்போவது ஒன்று. ‘எதில்?’ என்று கேட்க மறப்பது இன்னொன்று. முதலாவது கொஞ்சம் பழகினால் சரியாகிவிடும். இரண்டாவது நன்றாகப் படித்தவர்களையும் கவிழ்த்துவிடும்.

## பின்னம்: காலும் அரைக்காலும்

கால் கிலோ கத்தரிக்காய், அரை லிட்டர் பால், முக்கால் மணி நேரம் என்று நாள் முழுக்கப் பேசுவதெல்லாம் பின்னம்தான். ஒரு முழுப் பொருளைச் சமமான துண்டுகளாக்கி, அதில் சிலவற்றை எடுத்துக்கொள்வதற்குப் பெயர் பின்னம். கோட்டுக்குக் கீழே இருக்கும் எண் பகுதி. மொத்தம் எத்தனை துண்டு என்று அது சொல்கிறது. மேலே இருப்பது தொகுதி; அதில் எத்தனை நம் கையில் என்று சொல்கிறது. 3/4 என்றால் நாலாக வெட்டியதில் மூன்று. கீழே உள்ள எண் பெரிதாகப் பெரிதாகத் துண்டு சிறிதாகும். ஒரு கேக்கை எட்டுப் பேருக்கு வெட்டினால் கிடைக்கும் துண்டு, நாலு பேருக்கு வெட்டியதில் பாதி.

தமிழில் பின்னங்களுக்குப் பெயர் கொட்டிக் கிடக்கிறது. 1/8 அரைக்கால், 1/16 மாகாணி அல்லது வீசம், 1/20 மா, 1/80 காணி, 1/320 முந்திரி. 1957 ஏப்ரலில் ரூபாய் நூறு காசாக மாறும்வரை ரூபாய்க்குப் பதினாறு அணா. ஓர் அணா என்பது ரூபாயில் மாகாணி. கால் ரூபாய் நாலணா, அரை ரூபாய் எட்டணா. 25 காசு நாணயமே 2011-இல் செல்லாமல் போய்விட்டது, ‘நாலணாவுக்குப் பிரயோஜனமில்லை’ என்ற பேச்சு மட்டும் இன்னும் செல்லுபடியாகிறது.

இதில் ‘அரைக்கால்’ என்ற சொல்லைக் கொஞ்சம் உற்றுப் பார்க்கலாம். அரையும் காலும் சேர்ந்தால் முக்கால்தானே? இந்தச் சொல்லின் பொருள் அது அல்ல, காலில் அரை. ஒரு கிலோவில் கால் 250 கிராம், அதில் அரை 125 கிராம், அதுவே அரைக்கால் கிலோ. பின்னப் பெருக்கல் முழுவதும் இந்த ஒரு சொல்லுக்குள் இருக்கிறது. ‘இதில் இவ்வளவு’ என்று வந்தால் பெருக்கல்; மேல் எண்ணை மேல் எண்ணோடும், கீழ் எண்ணைக் கீழ் எண்ணோடும் பெருக்க வேண்டும்: 1/2 × 1/4 = 1/8. பெருக்கினால் விடை பெரிதாக வேண்டும் என்று நினைத்துப் பழகியவர்கள் இங்கேதான் தடுமாறுகிறார்கள். ஒன்றைவிடச் சிறிய எண்ணால் பெருக்கினால் விடை சிறிதாகத்தான் வரும்.

கூட்டல் கதை வேறு. 1/2 + 1/4 என்றால் மேலே கூட்டி, கீழேயும் கூட்டி 2/6 என்று எழுதுவது பிள்ளைகள் வழக்கமாகச் செய்யும் தவறு. 2/6 என்பது 1/3, அதாவது அரையைவிடக் குறைவு. அரை லிட்டர் பாலோடு கால் லிட்டர் ஊற்றினால் பாத்திரத்தில் பால் குறைந்துபோகுமா? துண்டின் அளவு ஒன்றாக இருந்தால்தான் எண்ணிக் கூட்டலாம். அரையை இரண்டு கால்களாகப் பார்த்தால் 2/4 + 1/4 = 3/4. கீழ் எண்ணை ஒன்றாக்குவது என்று வாத்தியார் சொல்வது இதைத்தான்.

வகுத்தலில் ‘தலைகீழாக்கிப் பெருக்கு’ என்று மனப்பாடம் செய்த விதிக்கும் காரணம் எளிது. இரண்டு கிலோ காபித்தூளைக் கால் கிலோ பொட்டலமாகப் போட்டால் எத்தனை? ஒரு கிலோவுக்கு நாலு, இரண்டு கிலோவுக்கு எட்டு. 2 ÷ 1/4 என்பது 2 × 4 ஆனது அப்படித்தான்.

பின்னத்தோடு குழப்பிக்கொள்ளும் இன்னொன்று விகிதம். இட்லி மாவுக்கு அரிசியும் உளுந்தும் நாலுக்கு ஒன்று என்கிறோம். உளுந்து எத்தனை பங்கு என்று கேட்டால் கால் பங்கு, 25 சதவீதம் என்று சொல்லத் தோன்றும். விகிதம் ஒரு பங்கை இன்னொரு பங்கோடு ஒப்பிடுகிறது. பின்னம் ஒரு பங்கை மொத்தத்தோடு ஒப்பிடுகிறது. நாலும் ஒன்றும் ஐந்து டம்ளர், அதில் உளுந்து ஒன்று. ஆகவே 1/5, 20 சதவீதம். கொத்தனார் 1:4 கலவை என்றாலும் இதே கணக்குதான், சிமென்ட் ஐந்தில் ஒரு பங்கு.

இதுவரை வந்தது: பின்னத்தின் கீழ் எண் துண்டின் அளவு, மேல் எண் துண்டின் எண்ணிக்கை. கூட்டக் கழிக்கத் துண்டு ஒரே அளவாக வேண்டும். பெருக்க அது தேவையில்லை.

## தசமம்: புள்ளிக்கு அப்புறம் என்ன?

கீழ் எண் 10, 100, 1000 என்று மட்டும் இருக்கும்படி ஒழுங்கு செய்த பின்னமே தசமம். கீழ் எண்ணை எழுதுவதை விட்டுவிட்டு, ஒரு புள்ளி வைத்து, இடத்தாலேயே அதைக் காட்டுகிறோம். புள்ளிக்கு அடுத்த முதல் இடம் பத்தில் ஒன்று, அதற்கடுத்தது நூறில் ஒன்று, பிறகு ஆயிரத்தில் ஒன்று. 0.375 என்றால் 3/10 + 7/100 + 5/1000.

இடம்தான் எல்லாமே என்பதால் ஒரு பூஜ்ஜியம் பெரிய வேலை செய்யும். காசிமேட்டில் வஞ்சிரம் வாங்குகிறீர்கள். தராசில் 1.500 என்று ஓடினால் ஒன்றரைக் கிலோ, 1.050 என்று ஓடினால் ஒரு கிலோ ஐம்பது கிராம். இடையில் 450 கிராம் மீன். நகைக்கடைத் தராசில் இதே பிசகு நடந்தால் 8.500-க்கும் 8.050-க்கும் இடையே 450 மில்லி தங்கம். கிராமில் ஆயிரத்தில் ஒன்றைத்தான் கடையில் ‘மில்லி’ என்கிறார்கள்.

0.25 பெரிதா, 0.5 பெரிதா என்று கேட்டால் 0.25 என்று பதில் வருவதற்கு நம் வாயும் ஒரு காரணம். ‘புள்ளி இருபத்தைந்து’ என்று வாசிக்கிறோம். ஐந்தைவிட இருபத்தைந்து பெரிது என்று காது முடிவு செய்துவிடுகிறது. ‘புள்ளி இரண்டு ஐந்து’ என்று இலக்கம் இலக்கமாக வாசிப்பதே சரி. ஒப்பிடும்போது வலப்பக்கம் பூஜ்ஜியம் போட்டு நீளத்தைச் சமமாக்கிவிட்டால் சந்தேகமே வராது: 0.25, 0.50.

புள்ளி வைத்ததெல்லாம் தசமம் அல்ல என்பதையும் சொல்லிவிட வேண்டும். சேப்பாக்கத்தில் ஆட்டம் நடக்கும்போது திரையில் 15.3 ஓவர் என்று காட்டுகிறது. அது பதினைந்து ஓவரும் மூன்று பந்தும். ஓவருக்கு ஆறு பந்து, ஆகவே மூன்று பந்து அரை ஓவர். தசமத்தில் அது 15.5. அணி 155 ரன் எடுத்திருந்தால் ரன் ரேட் 155 ÷ 15.5, சரியாக 10. கால்குலேட்டரில் 15.3 என்று தட்டினால் 10.13 என்று தவறாக வரும். மணிக்கணக்கும் அப்படியே: 1.30 மணி நேரம் என்று எழுதுவது ஒன்றரை மணி, தசமத்தில் 1.5. உயரத்தை 5.6 என்று எழுதினால் ஐந்து அடி ஆறு அங்குலம், தசமத்தில் 5.5 அடி. இங்கெல்லாம் புள்ளி வெறும் தடுப்பு. அதற்கு அந்தப் பக்கம் ஆறு, அறுபது, பன்னிரண்டு என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு கணக்கு.

பின்னத்தைத் தசமமாக்க, மேல் எண்ணைக் கீழ் எண்ணால் வகுத்தால் போதும். 3 ÷ 8 = 0.375. 1 ÷ 3 மட்டும் 0.333… என்று முடியாமல் ஓடிக்கொண்டே இருக்கும். பின்னத்தைச் சுருக்கிய பிறகு கீழ் எண் 2, 5 ஆகியவற்றின் பெருக்கலாக மட்டும் இருந்தால் தசமம் முடியும், வேறு எது கலந்தாலும் முடியாது. மூன்று பேர் 100 ரூபாயைப் பங்கிட்டு ஆளுக்கு 33.33 என்று அனுப்பினால் ஒரு காசு இடிப்பது இதனால்தான்.

## சதவீதம்: நூறில் கட்டிப்போட்ட பின்னம்

சதம் என்றால் நூறு. சதவீதம் என்றால் நூற்றுக்கு இவ்வளவு வீதம். கீழ் எண்ணை எப்போதும் 100 என்று கட்டிப்போட்ட பின்னம் அது. எதற்குக் கட்டிப்போட வேண்டும்? ஒப்பிடத்தான். பத்தாம் வகுப்பில் 500-க்கு 430, பிளஸ் டூவில் 600-க்கு 504. எது மேல்? எண்ணைப் பார்த்தால் 504 பெரிது. நூற்றுக்கு மாற்றினால் 86, 84. பத்தாம் வகுப்பு மதிப்பெண்ணே மேல்.

மாற்றும் வழி: தசமத்தை 100-ஆல் பெருக்கு, அதாவது புள்ளியை வலப்பக்கம் இரண்டு இடம் தள்ளு. 0.375 என்பது 37.5%. திரும்பி வர இரண்டு இடம் இடப்பக்கம் தள்ளு. 5% என்பது 0.05, இதை 0.5 என்று எழுதிவிட்டால் ஐந்து சதவீதம் ஐம்பதாகிவிடும். ஓட்டல் பில்லில் வரும் 5% ஜிஎஸ்டி, பழைய கணக்கில் சரியாக ஒரு மா. நிலம் பேசுகிறவர்கள் சொல்லும் சென்ட்டும் சதவீதம்தான்: ஏக்கரில் நூற்றில் ஒன்று, 435.6 சதுர அடி. சென்னையின் ஒரு கிரவுண்ட் 2,400 சதுர அடி, அதாவது ஏறக்குறைய ஐந்தரை சென்ட். ஓர் ஏக்கரில் ஐந்தரை சதவீதம்.

மனக்கணக்குக்கு 10 சதவீதத்தைப் பிடித்துக்கொண்டால் போதும். 640 ரூபாயில் 10% என்றால் 64. அதில் பாதி 5%, 32. 18% வேண்டுமென்றால் 20% எடுத்து 2% கழிக்கலாம்: 128 − 12.80 = 115.20. இன்னொரு தந்திரமும் உண்டு. 25-இல் 16% எவ்வளவு என்று திணறுவதைவிட 16-இல் 25% பாருங்கள். கால் பங்கு, 4. பெருக்கலில் எதை முன்னே வைத்தாலும் விடை ஒன்றே என்பதால் இது எப்போதும் செல்லும்.

சுருக்கமாக: பின்னத்தை வகுத்தால் தசமம், தசமத்தில் புள்ளியை இரண்டு இடம் தள்ளினால் சதவீதம்.

## எதில்?

இனி வருவதுதான் உண்மையான வில்லங்கம். சதவீதம் தனியாக நிற்காது. அதற்குப் பின்னால் ஒரு முழுத் தொகை இருந்தே ஆக வேண்டும். அந்தத் தொகைக்கு அடிப்படை என்று பெயர் வைத்துக்கொள்வோம். அடிப்படை நடுவில் மாறினால் சதவீதங்களைக் கூட்டவும் கழிக்கவும் முடியாது.

ஆடித் தள்ளுபடிக்கு வருவோம். 2,000 ரூபாய்ச் சட்டை. முதல் 50% அந்த 2,000-இல் கழிகிறது, மிச்சம் 1,000. அடுத்த 20% அந்த 1,000-இல். 200 குறைந்து 800. மொத்தம் போனது 1,200, அதாவது 60%. குறுக்கு வழி: கழிவதை விட்டுவிட்டு, கையில் நிற்பதைப் பெருக்குங்கள். 0.5 × 0.8 = 0.4, ஆகவே விலையில் 40% கொடுக்கிறீர்கள். ‘இரண்டு வாங்கினால் ஒன்று இலவசம்’ என்பதும் இப்படித்தான். மூன்றில் ஒன்று சும்மா, தள்ளுபடி 33.3%.

வரியைப் பின்னோக்கிக் கணக்கிடும்போது நிறையப் பேர் சறுக்குகிறார்கள். ஓட்டல் பில் வரியோடு 525 ரூபாய். சிஜிஎஸ்டி 2.5, எஸ்ஜிஎஸ்டி 2.5, ஆக 5%. வரி இல்லாத தொகை எவ்வளவு? 525-இல் 5% கழித்தால் 498.75 வரும், அது தவறு. 5% போட்டது சாப்பாட்டு விலையில், 525-இல் அல்ல. 525 ÷ 1.05 = 500. ஏற்றும்போது 1.05-ஆல் பெருக்கினோம், இறக்கும்போது அதே 1.05-ஆல் வகுக்க வேண்டும்.

கோயம்பேட்டில் தக்காளி கிலோ 40-இலிருந்து 60 ஆனால் 50% ஏற்றம். 60-இலிருந்து மறுபடி 40 ஆனால் 33.3% இறக்கம். ஏறியதும் இறங்கியதும் அதே 20 ரூபாய்தான். முதலில் அடிப்படை 40, பிறகு 60. ஒரு லட்சம் போட்ட பங்கு 20% இறங்கி, பிறகு 20% ஏறினால் கையில் 96,000தான் இருக்கும்.

வங்கி வட்டி 6 சதவீதத்திலிருந்து 7 ஆனால் ‘ஒரு சதவீதம் உயர்வு’ என்கிறோம். சரியாகச் சொன்னால் ஒரு சதவீதப் புள்ளி உயர்வு. சதவீதப் புள்ளி என்பது இரண்டு சதவீதங்களைக் கழித்தால் வரும் வித்தியாசம். 6 என்ற அடிப்படையில் பார்த்தால் அது 16.7% உயர்வு. விளம்பரத்தில் பெரிதாகத் தெரிய வேண்டுமென்றால் ஒன்று, சிறிதாகத் தெரிய வேண்டுமென்றால் மற்றது.

## நகைக்கடை பில்லும் வட்டிக் கணக்கும்

மூன்று எழுத்து முறையும் ஒரே தாளில் சந்திக்கும் இடம் நகைக்கடை பில். ஒரு சவரன் 8 கிராம். 22 காரட் என்றால் 24 பங்கில் 22 பங்கு தங்கம்: 22/24 = 0.9166…, ஏறக்குறைய 91.6%. நகையில் பொறிக்கும் 916 என்பது இதையே ஆயிரத்துக்கு இவ்வளவு என்று சொல்கிறது. ஆக ஒரு சவரன் நகையில் சுத்தத் தங்கம் 8 × 22/24, 7.33 கிராம்.

கணக்கு எளிதாக இருக்க கிராம் 10,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஒரு சவரன் சங்கிலி, சேதாரம் 12%. சேதாரம் எடையில் போடப்படுகிறது: 8 கிராமில் 12% 0.96 கிராம், 960 மில்லி. மொத்தம் 8.96 கிராமுக்கு 89,600 ரூபாய். அதன் மேல் ஜிஎஸ்டி 3%: 2,688. பில் 92,288. 80,000 ரூபாய்த் தங்கத்துக்கு மேல் கொடுத்தது 15.36%. 12-ஐயும் 3-ஐயும் கூட்டி 15 என்று எதிர்பார்த்தவருக்கு அந்த 0.36 எங்கிருந்து வந்தது என்று புரியாது. சேதாரத்துக்கும் சேர்த்துத்தான் வரி, 1.12 × 1.03 = 1.1536.

வட்டியில் ‘எதில்’ என்பதோடு ‘எவ்வளவு காலத்துக்கு’ என்றும் கேட்க வேண்டும். ‘ரெண்டு ரூபாய் வட்டி’ என்றால் நூற்றுக்கு மாதம் இரண்டு, வருடத்துக்கு 24%. வங்கியின் 12 சதவீதத்தைக் கேட்டு மலைத்தவர், இந்த ‘ரெண்டு’ காதுக்குச் சின்னதாக இருப்பதால் தலையாட்டிவிடுவார்.

ஃபிளாட் ரேட் கடன், அதாவது முதலில் வாங்கிய முழுத் தொகைக்கே கடைசிவரை வட்டி போடும் கடன், இன்னும் சாமர்த்தியமானது. ஒரு லட்சம், ஒரு வருடம், 12% ஃபிளாட். வட்டி 12,000, அசலோடு சேர்த்துப் பன்னிரண்டு தவணை, மாதம் 9,333. ஆனால் வருடம் முழுவதும் ஒரு லட்சமுமா உங்களிடம் இருக்கிறது? மாதாமாதம் அசல் கரைகிறது; சராசரியாகக் கையில் நிற்கும் கடன் சுமார் 54,000தான். 12,000 ரூபாயை அதோடு ஒப்பிட்டால் வட்டி 22 சதவீதத்தை ஒட்டி வருகிறது.

## சதவீதத்துக்குச் சராசரி எடுக்கலாமா?

சென்னைக்காரர்கள் கோடையிலும் ஐப்பசி, கார்த்திகையிலும் விடாமல் பார்க்கும் சதவீதம் ஏரி நீர் இருப்பு. சோழவரம் 90% நிரம்பியிருக்கிறது, செம்பரம்பாக்கம் 50% என்று வைத்துக்கொள்வோம். இரண்டும் சேர்ந்து 70% என்று சொல்லிவிட முடியுமா? சோழவரத்தின் கொள்ளளவு 1,081 மில்லியன் கன அடி. அதில் 90% சுமார் 973. செம்பரம்பாக்கம் 3,645, அதில் 50% சுமார் 1,822. இருப்பு 2,795, கொள்ளளவு 4,726. வகுத்தால் 59%. சின்ன ஏரியின் 90-க்கும் பெரிய ஏரியின் 50-க்கும் ஒரே மரியாதை கொடுத்ததால் வந்தது அந்த 70. அடிப்படைகள் சமமாக இருந்தால் மட்டுமே சதவீதங்களுக்கு நேராகச் சராசரி எடுக்கலாம். இல்லையென்றால் உண்மையான அளவுகளைக் கூட்டி, பிறகு வகுக்க வேண்டும்.

செம்பரம்பாக்கத்தின் முழு உயரம் 24 அடி. தண்ணீர் 12 அடி நின்றால் ஏரி பாதி நிரம்பிவிட்டது என்று பேசிக்கொள்வதைக் கேட்கலாம். ஏரி கிண்ணம் மாதிரி, அடியில் குறுகி மேலே விரிந்திருக்கும். ஆகவே 12 அடியில் இருக்கும் தண்ணீர் கொள்ளளவில் பாதிக்கும் குறைவு. 22 அடியிலும் அதே கதைதான்: உயரத்தில் 91.7%, தண்ணீரில் அவ்வளவு இராது. மிச்சமுள்ள இரண்டு அடிதான் கிண்ணத்திலேயே அகலமான இடம். செய்தியில் அடிக்கணக்கும் கன அடிக்கணக்கும் பக்கத்துப் பக்கத்தில் வரும்போது, சதவீதத்தை எந்த வரியிலிருந்து எடுத்தார்கள் என்று ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.